அம்பாறை, மட்டக்களப்புப் பக்கம் பழைய பௌத்த மடாலயங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் அனுராதபுரம், பொலன்னறுவை எல்லாம் பார்த்திருப்பார்கள். ஆனால் ராஜகல என்ற மலை மடாலயத்தைச் சொன்னால் அது எங்கே என்று கேட்பார்கள், அது அம்பாறை மாவட்டத்துக்குள்தான் இருக்கிறது. கல்முனையிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ காலையில் புறப்பட்டால் பார்த்துவிட்டு இருட்டுக்கு முன் வீடு வரலாம். போகாததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. யுத்தம் நடந்த காலத்தில் அந்தக் காடுகளுக்குள் யாரும் போகவில்லை, யுத்தம் முடிந்த பிறகு தொல்பொருள் என்ற சொல்லைக் கேட்டாலே காணி போகப்போகிறது என்ற பயம் வந்துவிட்டது. 2020இல் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கு என்று ஒரு ஜனாதிபதி செயலணி அமைத்தார்கள், அதன் தொடக்கப் பட்டியலில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. அந்தப் பயம் நியாயமானது, அதைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை.

ஆனாலும் போய்ப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். பார்க்காமல் ஒதுங்கி இருந்தால் இந்தக் கற்களைப் பற்றி மற்றவர்கள் சொல்வதை மட்டும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான், அது சரி என்றோ பிழை என்றோ சொல்ல நமக்குக் கையில் ஒன்றும் இருக்காது. இன்னொன்றும் இருக்கிறது. இந்த மடாலயங்களுக்குக் கொடுத்தவர்களில் தமிழரும் இருந்திருக்கிறார்கள். அம்பாறை மாவட்டத்திலேயே குடுவில் என்ற இடத்துக் குகைக் கல்வெட்டில் தீகவாபி வணிகர்களோடு ‘தமேத’ என்று தமிழரும் குறிக்கப்படுகிறார்கள், அது கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளின் பிராமி எழுத்து. வவுனியா பெரியபுளியங்குளத்திலும் ஒரு தமிழ் வணிகர் குகை கொடுத்த கல்வெட்டு இருக்கிறது. திருகோணமலையில் நம் ஆட்கள் நாதனார் கோவில் என்று சொல்லும் வெல்கம் விகாரையைச் சோழர் காலத்தில் ராஜராஜப் பெரும்பள்ளி என்று அழைத்து, விளக்கும் பசுவும் கொடுத்ததைத் தமிழில் கல்வெட்டாக வைத்திருக்கிறார்கள். அதனால் வேறு யாருடையோ வீட்டுக்குள் நுழைகிறோம் என்ற கூச்சம் தேவையில்லை.

சரி, முதலில் காலம். மாரியில் போகவேண்டாம். ஐப்பசி கடைசியில் தொடங்கி தை வரைக்கும் இந்தப் பக்கம் மழை எப்படிப் பெய்யும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, பாறை வழுக்கும், ஆறு பெருகினால் சில இடங்களுக்குப் பாதையே இருக்காது. மாசி, பங்குனி மாதங்கள்தான் நல்லது, காடு பச்சையாக இருக்கும், வெயிலும் தாங்கக்கூடியது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களிலும் போகலாம், ஆனால் காலை ஆறரைக்குள் மலையடியில் நிற்கவேண்டும், ஏனென்றால் பத்து மணிக்குப் பிறகு வெறுங்காலோடு அந்தப் பாறையில் நடக்க முடியாது. தடித்த காலுறை ஒரு சோடி கொண்டுபோங்கள். செருப்பைக் கழற்றச் சொல்லும் இடங்களில் காலுறையோடு நடக்கப் பெரும்பாலும் விடுகிறார்கள், பிள்ளைகளுக்கு இது மிக முக்கியம். பின்னேரம் நாலு மணிக்குள் காட்டுப் பாதையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். லகுகல, மகாஓயா, பாணமைப் பக்கம் எல்லாம் யானை நடமாடும் இடங்கள், அதுவும் மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள் இதைக் கட்டாயம் கேட்கவேண்டும்.

போயா என்ற முழுநிலவு நாளில் போகலாமா என்று கேட்பார்கள். ஆட்களோடு ஆட்களாய்ப் பார்க்க விருப்பம் என்றால் போகலாம், வெள்ளை உடுத்துக் குடும்பம் குடும்பமாக வருவார்கள், பொசன் நேரத்தில் வழியெல்லாம் தன்சல் போட்டுக் கூப்பிட்டுச் சாப்பாடு தருவார்கள், வெட்கப்படாமல் வாங்கிச் சாப்பிடுங்கள். கல்லை நின்று நிதானமாகப் பார்க்கவேண்டும் என்றால் சாதாரண வாரநாள்தான் சரி.

ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் ராஜகல போங்கள். அம்பாறையிலிருந்து உகனை தாண்டி மகாஓயா போகும் வீதியில் போய்த் திரும்பவேண்டும். மட்டக்களப்பு டவுனிலிருந்து வருகிறவர்கள் செங்கலடியால் பதுளை வீதியில் ஏறி, கரடியனாறு கடந்து, மகாஓயாவில் அம்பாறைப் பக்கம் திரும்பி வரலாம், வழியில் மகாஓயா வெந்நீர் ஊற்றும் இருக்கிறது, திரும்பி வரும்போது கால் நனைக்க நல்லது. ராஜகல ஒரு தனிக் கட்டடம் இல்லை, ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் மலைக்காடு, அதற்குள் தூபிகள், கற்றூண் மண்டபங்கள், குகைகள், குளங்கள், தண்ணீர் கொண்டுபோன கல் வாய்க்கால்கள் என்று நூற்றுக்கணக்கான எச்சங்கள். கீழிருந்து பழைய கற்படியில் ஏறவேண்டும், சுகதேகியாக இருந்தால் ஒரு மணித்தியாலம் போதும், முழங்கால் நோ உள்ளவர்கள் ஆறுதலாக இருந்து இருந்து ஏறுங்கள். மேலே கடை எதுவும் கிடையாது. ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர், காலையில் கட்டின புட்டோ சோறோ, ஒரு பை குப்பைக்கு.

ராஜகலவில் தவறவிடக் கூடாதது ஒரு கல்வெட்டு. அசோகனின் மகன் என்று சொல்லப்படும் மகிந்த தேரர் இலங்கைக்குப் பௌத்தம் கொண்டுவந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும், மிகிந்தலை அவருக்குப் பேர்போனது. ஆனால் அவரையும், கூட வந்த இட்டிய தேரரையும் பேர் சொல்லி, இது அவர்களுடைய தூபி என்று பிராமியில் வெட்டி வைத்த கல் இருப்பது ராஜகலவில். மகாவம்சம் எழுதப்பட்டது பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு, இந்தக் கல்லோ அவர்கள் காலத்துக்குக் கிட்டவே வெட்டப்பட்டது. கதையாகக் கேட்ட ஒரு மனிதரின் பேரை அம்பாறைக் காட்டுக்குள் கல்லில் பார்க்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும், எத்தனை தடவை போனாலும். அதே மலையில் முடிக்காமல் விட்ட ஒரு புத்தர் சிலையும் கிடக்கிறது, சிற்பி உளியை எங்கே நிறுத்தினான் என்று கிட்ட இருந்து பார்க்கலாம். வேடர் வரைந்தவை என்று சொல்லப்படும் ஓவியங்கள் உள்ள குகையும் உண்டு. பிக்குமார் மட்டும் இல்லை, வேறு ஆட்களும் இந்த மலையில் இருந்திருக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுக்க அது நல்ல இடம்.

அடுத்தது லகுகலவில் இருக்கும் மகுல் மகா விகாரை. பொத்துவிலிலிருந்து மொனராகலை போகும் வீதியில் போய் உள்ளே திரும்பவேண்டும், பஸ்ஸில் வருகிறவர்கள் பொத்துவிலில் ஒரு ஓட்டோ பிடித்துக் காத்திருக்கச் சொல்லிப் பேசிக்கொள்வது நல்லது, ஏனென்றால் அந்த இடத்தில் திரும்பி வர வாகனம் பார்த்து நிற்க முடியாது. இது மலை ஏறவேண்டிய இடமில்லை, தட்டையான நிலம், வயது போனவர்களையும் கூட்டிப் போகலாம். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் இருந்த, துட்டகைமுனுவின் தாய் தகப்பனான காவந்தீச மன்னனும் விகாரமகாதேவியும் கலியாணம் முடித்த இடம் என்று ஊர்க்கதை, அதற்கென்று ஒரு மேடையும் காட்டுவார்கள். ஆனால் அங்கே நிற்கும் 14ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு வேறு கதை சொல்கிறது. தாதுசேன மன்னன் கட்டியதை, பராக்கிரமபாகு என்ற பேருடைய சகோதர அரசர் இருவரின் அரசியான ஒரு விகாரமகாதேவி திருத்திக் காணி கொடுத்ததாக அது சொல்கிறது. அதாவது பேர் ஒன்று, ஆட்கள் இரண்டு, இடையில் ஆயிரத்து ஐந்நூறு வருசம். ஊர்க்கதையையும் கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. அப்புறம் வாசற்படிக்கு முன்னால் கிடக்கும் அரைவட்டச் செதுக்குக் கல்லான சந்திரவட்டக்கல்லைக் குனிந்து பாருங்கள். அனுராதபுரத்தில் உள்ளவற்றில் யானை, குதிரை, சிங்கம், எருது என்று வரிசை போகும். இங்கே யானைகளின் மேல் பாகன் இருக்கிறான், இப்படி ஒன்று வேறு இடத்தில் பார்க்கக் கிடைக்காது.

அதே பக்கத்துக் காட்டுக்குள் நீலகிரி சேய என்று ஒரு தூபி, கிழக்கு மாகாணத்திலேயே பெரியது. போக ஆறு கடக்கவேண்டும், கோடையில் நல்ல ஜீப்போடும், இடம் தெரிந்த ஆளோடும் மட்டும் போங்கள். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை.

குடும்பிகல பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்லவேண்டும், ஏனென்றால் நம் ஆட்களில் ஆயிரக்கணக்கானோர் அதன் பக்கத்தால் வருசா வருசம் நடந்து போகிறார்கள். கதிர்காமப் பாதயாத்திரைக்கு உகந்தை முருகன் கோவிலில் தங்கிக் காட்டுக்குள் இறங்குகிறோம் அல்லவா, பாணமையிலிருந்து அந்த உகந்தைக்குப் போகும் வழியில்தான் குடும்பிகலவுக்குத் திரும்பும் இடம் இருக்கிறது. பெரிய பெரிய பாறைகள், அவற்றுக்குக் கீழே துறவிகள் இருந்த குகைகள், இருநூறுக்கு மேல் என்று கணக்குச் சொல்கிறார்கள். உச்சியில் ஒரு தூபி நிற்கிறது, வழமையான மணி வடிவம் இல்லை, நேராக உருளை மாதிரி எழும்பியது, இந்த நாட்டில் அப்படி இன்னொன்று இல்லை என்பார்கள். அங்கிருந்து பார்த்தால் ஒரு பக்கம் குமணைக் காடு, ஒரு பக்கம் கடல். பாறையில் வெட்டின சின்னப் படிகளால் ஏறவேண்டும், காற்று பலமாக இருக்கும் நாளில் சின்னப் பிள்ளைகளைக் கையை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். இது இன்றைக்கும் பிக்குமார் இருந்து தியானம் செய்யும் ஆரண்யம், இடிபாடு மட்டும் இல்லை. அதனால் சத்தம் போடக்கூடாது, போனில் பாட்டுப் போடக்கூடாது, துணி தொங்கும் குகைக்குள் எட்டிப் பார்க்கக்கூடாது. பாணமையைத் தாண்ட முன்னமே தண்ணீரும் பெற்றோலும் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு எதுவும் இல்லை. யாத்திரைக் காலத்தில் வருகிறவர்கள் ஒரு நாள் முன்னதாக வந்து இதைப் பார்த்துவிட்டு உகந்தையில் தங்கலாம்.

தீகவாபி எளிது. இறக்காமம், வரிப்பத்தான்சேனைப் பக்கத்தால் போகலாம், வயல் நடுவே ஒரு பெரிய செங்கல் தூபி, துட்டகைமுனுவின் தம்பி சத்தாதீசன் கட்டியதாக மகாவம்சம் சொல்கிறது, புத்தரே வந்துபோன இடம் என்றும் சொல்கிறது. அண்மைக் காலத்தில் புதுச் செங்கல் வைத்து உயர்த்தும் வேலை நடந்ததால் பழைய செங்கல் எது புதுச் செங்கல் எது என்று பார்த்துப் பிரிக்கவேண்டும், பழையது அகலம் கூடியது, தட்டையானது. பொத்துவில் கடற்கரையில் முகுது மகா விகாரை, மணல்மேட்டுக்குள் தூண்களும் சிலைகளும். விகாரமகாதேவி ஓடத்தில் வந்து கரையேறிய இடம் என்பார்கள், தெற்கே கிரிந்தையிலும் அதையே சொல்வார்கள். அங்கே காணிப் பிரச்சினை சூடாக இருக்கும் இடம் என்பதால், போனோமா, பார்த்தோமா, வந்தோமா என்று இருங்கள், நின்று வாக்குவாதப்பட அது இடமில்லை. அம்பாறை டவுனுக்குக் கிட்டப் புத்தங்கல மலை, அரை நாளில் முடியும்.

மட்டக்களப்பு மாவட்டத்தில் இப்படிப் பேர்போன ஒரே இடம் என்று இல்லை. படுவான்கரையில் வெல்லாவெளிப் பக்கத்துப் பாறைகளிலும், மேற்கே காட்டோரத்து மலைகளிலும் பழைய எச்சங்கள் சிதறிக் கிடக்கின்றன, வாடிக்காரரும் மாடு மேய்ப்பவர்களும் சொன்னால்தான் தெரியும். அவர்களைக் கேட்டுப் போங்கள், தனியாகப் போகாதீர்கள், ஊரில் இரண்டு பேருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள்.

போன இடத்தில் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் பத்து நிமிசத்தில் திரும்பி வருகிறவர்கள் நிறையப் பேர். வெறும் கல்தானே என்பார்கள். அதனால் இதைக் கொஞ்சம் கவனமாக வாசியுங்கள். முதலில் உயரமான செங்கல் மேட்டைத் தேடுங்கள், அதுதான் தூபி, மரம் முளைத்து மண் மூடிச் சின்னக் குன்று மாதிரி இருக்கும், உச்சியில் குழி இருந்தால் புதையல் தோண்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதற்குப் பக்கத்தில் வரிசையாகக் கற்றூண் நின்றால் அது சிலைமனையாகவோ பிக்குமார் கூடிய மண்டபமாகவோ இருக்கும், வாசலைக் கண்டுபிடியுங்கள், வாசலில்தான் படியும் காவற்கல்லும் சந்திரவட்டக்கல்லும் இருக்கும். தூண் நிற்கும் சதுரத்துக்குள் சிலை வைத்த பீடம் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் சிலைமனை. நடுவில் மண் மட்டும் விட்டுச் சுற்றிச் சுவர் கட்டியிருந்தால் அது அரச மரம் நின்ற போதிமனை. பிறகு தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள், இப்படியான மடாலயங்களில் பெரும்பாலும் பாறையில் வெட்டின குளம் ஒன்றாவது இருக்கும். தண்ணீரைக் கண்டுபிடித்தால் இத்தனை பேர் எப்படி இங்கே வாழ்ந்தார்கள் என்பது விளங்கிவிடும்.

குகைக்குப் போனால் உள்ளே பார்க்க முன்னம் அண்ணாந்து பாருங்கள். பாறையின் நெற்றியில் நீளத்துக்கு ஒரு விளிம்பு வெட்டியிருப்பார்கள், மழைத்தண்ணீர் பாறையால் வழிந்து உள்ளே வராமல் அந்த இடத்தில் சொட்டி விழுவதற்கு. அந்த விளிம்பு இருந்தால் துறவிகளுக்குத் திருத்திக் கொடுத்த குகை. அதற்குச் சற்றுக் கீழேதான் பெரும்பாலும் எழுத்து இருக்கும். பெரும்பாலான குகைக் கல்வெட்டுகள் ஒரே மாதிரித்தான் போகும். இன்னார், இன்னாருடைய மகன், அவர் கொடுத்த குகை, வந்தவர் வராதவர் எல்லோருமான நாலு திசைச் சங்கத்துக்கு. இந்த அமைப்பு மனதில் இருந்தால் எழுத்து முழுதும் தெரியாவிட்டாலும் பேர் எங்கே முடிகிறது என்று மட்டுக்கட்டலாம். கூட்டல் அடையாளம் மாதிரி இருந்தால் அது ‘க’. கவிழ்த்த ஆங்கில ‘வி’ மாதிரி இருந்தால் அந்த எழுத்தின் மெல்லிய ஒலி, ‘தங்கம்’ என்னும்போது வரும் ‘க’. வட்டத்துக்குள் ஒரு புள்ளி இருந்தால் காற்றோடு சொல்லும் ‘த’. இன்றைக்கு நாம் எழுதும் தமிழ் எழுத்தும் இந்தக் குடும்பத்தில் இருந்து வந்ததுதான், அதனால் ஒரு கிழமை இருந்து பழகினால் பிடிபடும், பிள்ளைகள் இன்னும் வேகமாகப் பிடிப்பார்கள்.

எழுத்துத் தெரியவில்லை என்று சோக்கட்டியால் தேய்ப்பது, எண்ணெய் பூசுவது, தண்ணீர் ஊற்றித் துடைப்பது எதுவும் வேண்டாம், கல் கெட்டுப்போகும், குற்றமும் கூட. காலை வெயில் சரிவாக விழும் நேரத்தில் பாருங்கள், அல்லது போன் டோர்ச்சைக் கல்லுக்குப் பக்கவாட்டில் பிடித்து மெதுவாக நகர்த்துங்கள், நேரே அடித்தால் ஒன்றும் தெரியாது, பக்கத்தால் அடித்தால் வெட்டின பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும்.

சட்டம் பற்றி ஒரே ஒரு சம்பவம் போதும். 2019 ஜனவரியில் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் எட்டுப் பேர் ஹொரவபொத்தானைப் பக்கத்தில் கிரலாகல தூபியில் ஏறிப் படம் எடுத்து பேஸ்புக்கில் போட்டதற்குப் பிடிபட்டு விளக்கமறியலில் இருந்தார்கள். மேட்டைப் பார்த்தால் மண்மேடு மாதிரித்தான் இருக்கும், ஆனால் அது தூபி. எந்தச் செங்கல் மேட்டிலும் ஏறவேண்டாம், எந்தப் பீடத்திலும் இருக்கவேண்டாம், புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி செல்பி எடுக்கவேண்டாம், ஒரு ஓட்டுத் துண்டைக்கூட எடுத்துப் பையில் போடவேண்டாம். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின் கீழ் தோண்டுவதும் எடுப்பதும் சேதப்படுத்துவதும் குற்றம், தெரியாமல் செய்தேன் என்பது எடுபடாது. தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு, முடிந்தால் வெள்ளை அல்லது வெளிர் நிறம், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். புத்தர் உருவம் பச்சை குத்தினவர்கள், உருவம் போட்ட சட்டைக்காரர்கள் மூடிக்கொள்வதுதான் நல்லது.

அடையாள அட்டை கட்டாயம். எங்கிருந்து வருகிறீர்கள், எதற்கு வந்தீர்கள் என்று காவலாளியோ சீருடைக்காரரோ கேட்கக்கூடும், அதுவும் பேரைப் பார்த்தபின் ஒரு கேள்வி கூடக் கேட்கக்கூடும். எரிச்சல் வரும், எனக்கும் வரும். பழைய இடம் பார்க்க வந்தோம் என்று அமைதியாகச் சொல்லுங்கள், அதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. பிக்குவைக் கண்டால் ‘ஹாமுதுருவனே’ என்று கைகூப்பிக் கேளுங்கள், அவருக்குச் சமமான உயரத்தில் இருக்கவேண்டாம், பெண்கள் அவர் கையில் எதையும் நேரே கொடுக்காமல் மேசையில் வையுங்கள். உடைந்த சிங்களமாக இருந்தாலும் இரண்டு வசனம் கதைத்தால் பூட்டியிருக்கும் அறையைத் திறந்து காட்டுவார்கள், தேத்தண்ணீரும் தருவார்கள். பலகைகளில் தமிழ் சில இடங்களில் இல்லை, சில இடங்களில் பிழையாக இருக்கிறது, அதனால் போக முன்னம் வீட்டிலேயே வாசித்துக்கொண்டு போங்கள். பலகையைப் படம் எடுங்கள், ஆனால் முதலில் கல்லைப் பாருங்கள், பலகையைப் பிறகு வாசியுங்கள்.

கடைசியாக, உங்கள் சொந்த வயலிலோ கோவில் வளவிலோ இப்படி ஒரு தூணோ எழுத்தோ இருந்தால். காணி போய்விடும் என்று சிலர் புதைக்கிறார்கள், உடைக்கிறார்கள். அந்தப் பயம் எனக்கு விளங்குகிறது, ஆனால் உடைத்த கல்லால் யாருக்கும் பிரயோசனம் இல்லை, அதில் நம் ஆள் ஒருவரின் பேரே இருந்திருக்கலாம். அசைக்காமல் நாலு பக்கமும் படம் எடுங்கள், அளவு தெரிய ஒரு பேனையோ அடிமட்டமோ பக்கத்தில் வையுங்கள், திகதியும் இடமும் எழுதிக் காணி உறுதியின் பிரதியோடு சேர்த்து இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். பிறகு கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகத்தில் வரலாறு படிப்பிக்கும் ஒருவரிடம் படத்தைக் காட்டி, அதை எப்படி முறைப்படி அறிவிப்பது என்று கேளுங்கள், போகும்போது கோவில் நிர்வாகத்தில் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.